இரண்டாயிரம் ஆண்டு வேண்டாம், இரண்டு ஆசான்களின் பெயர் போதும்

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததும் ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பெற்றோருக்கு ஒரு கூடுதல் யோசனை வந்து சேர்கிறது. பிள்ளையைச் சாயங்காலம் எந்த வகுப்பில் சேர்ப்பது? கராத்தேயா, சிலம்பமா, டேக்வாண்டோவா, குங்ஃபூவா, களரியா? மின்கம்பத்தில் கட்டிய தட்டிகளில் ஒன்று இரண்டாயிரம் ஆண்டுப் பாரம்பரியம் என்கிறது. இன்னொன்று போதிதர்மர் வழி என்கிறது. வேறொன்றில் அகத்தியர் அமர்ந்திருக்கிறார். பெற்றோர் கேட்பது பெரும்பாலும் மூன்று கேள்விகள்தான்: மாசம் எவ்வளவு, பெல்ட் எப்போது, சர்டிபிகேட் வேலைக்கு உதவுமா?

கேட்க வேண்டிய நான்காவது கேள்வி ஒன்று இருக்கிறது. “மாஸ்டர், நீங்க யார்கிட்ட படிச்சீங்க? அவர் யார்கிட்ட படிச்சார்?”

இதைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று பலர் தயங்குகிறார்கள். முறையாகப் படித்த வாத்தியாருக்கு இதைவிடப் பிடித்த கேள்வி கிடையாது. தன் ஆசானின் பெயர், ஊர், அவர் எந்தத் தோட்டத்தில் வைத்துச் சொல்லிக்கொடுத்தார், உடன் படித்தவர் யார் யார், அவர்களில் யார் இன்னும் இருக்கிறார்கள் என்று அரை மணி நேரம் பேசுவார். தட்டியில் மட்டும் பரம்பரை வைத்திருப்பவர் அகத்தியருக்குத் தாவிவிடுவார். அகத்தியருக்கும் அவருக்கும் நடுவில் ஆள் இருக்காது. தற்காப்புக் கலை வகுப்பைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டாயிரம் ஆண்டை ஒதுக்கிவிட்டு, கடைசி அறுபது ஆண்டை விசாரிக்க வேண்டும். கலையின் வயது வேறு, அதைக் கற்றுத்தருபவரின் தகுதி வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பணமும் பிள்ளைகளின் நேரமும் வீணாகின்றன.

போதிதர்மர் கதையையே எடுத்துக்கொள்ளலாம். 2011-ல் ‘ஏழாம் அறிவு’ படம் வந்த பிறகு அவர் தமிழ்நாட்டுப் பயிற்சிக்கூடங்களின் சுவர்களில் நிரந்தர இடம் பிடித்துவிட்டார். சீன நூல்களில் அவரைப் பற்றிய மிகப் பழைய குறிப்பு 6-ஆம் நூற்றாண்டு யாங் சுவான்ஜி எழுதியது. அதில் அவர் பாரசீகப் பக்கத்திலிருந்து வந்தவர். 7-ஆம் நூற்றாண்டில் தாவோசுவான் எழுதிய வரலாற்றில் தென்னிந்தியர் ஆகிறார். இந்த ஆரம்பகாலக் குறிப்புகள் எதிலும் அவர் சண்டை கற்றுக்கொடுத்ததாகச் செய்தி இல்லை. அவரை ஷாவோலின் உடற்பயிற்சியோடு கட்டிப்போடுவது ‘யிஜின் ஜிங்’ என்ற நூல். அது 1624 வாக்கில் எழுந்தது என்பதும், பழைய காலத்து முன்னுரை ஒன்று அதில் போலியாக ஒட்டப்பட்டது என்பதும் சீன ஆய்வாளர் தாங் ஹாவோ முதலானோர் கடந்த நூற்றாண்டிலேயே காட்டிவிட்ட செய்தி. காஞ்சிபுரத்துக்காரர் சீனாவுக்கே சண்டை சொல்லிக்கொடுத்தார் என்பது தமிழனுக்கு இனிப்பான செய்திதான். அதைச் சுவரில் மாட்டியிருப்பவர் நம் வீட்டுப் பிள்ளைக்கு ஒழுங்காகக் கீழே விழச் சொல்லிக்கொடுப்பாரா என்பதற்கு அந்தப் படத்தில் விடை இல்லை.

தமிழ் மண்ணின் போர் மரபு பழமையானது என்பதற்குப் போதிதர்மர் தேவையே இல்லை. செங்கம் வட்டாரத்து நடுகற்களில் வில்லும் வாளும் ஏந்தி நிற்கும் வீரர்களே போதும். ராஜபாளையத்திலிருந்து தெற்கே சேத்தூர், சிவகிரி, வாசுதேவநல்லூர் என்று போனால் ஊருக்கு ஊர் பாளையப்பட்டு இருந்த மண். 1755-லேயே கும்பினிப் படையை எதிர்த்து நின்ற பூலித்தேவரின் நெற்கட்டும்செவல் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. கம்பும் வாளும் ஈட்டியும் இங்கே வாழ்க்கையாக இருந்தன.

ஆனால் அந்த வரலாற்றில் ஒரு பெரிய முறிவும் உண்டு. 1799-ல் கயத்தாற்றில் கட்டபொம்மனையும், 1801-ல் திருப்பத்தூரில் மருது சகோதரர்களையும் தூக்கிலிட்ட பிறகு, கும்பினி ஆட்சி பாளையக்காரர்களின் கோட்டைகளை இடித்தது, ஆயுதங்களைப் பறித்தது, ஆயுதம் வைத்திருப்பதைத் தடைசெய்தது. அதன் பிறகு கலை தங்கியதெல்லாம் தோட்டத்திலும் களத்துமேட்டிலும், இரவு நேரத்தில், ஒரு வாத்தியாரும் நாலைந்து பிள்ளைகளுமாக. எழுத்தில் வைக்க யாரும் நினைக்கவில்லை. எழுதத் தெரிந்தவர்களும் குறைவு. அதனால் எந்தச் சிலம்ப வாத்தியாராலும் நேர்மையாகச் சொல்லக்கூடியது மூன்று தலைமுறை, மிஞ்சினால் நான்கு. இருபது தலைமுறைப் பெயரை மூச்சுவிடாமல் ஒப்பிப்பவரைத்தான் சந்தேகிக்க வேண்டும். சிலப்பதிகாரத்திலேயே சிலம்பக் கம்பு விற்றதாக இருக்கிறது என்று சொல்பவரிடம், எந்தக் காதை, எத்தனையாவது அடி என்று கேட்டுவிட்டால் பேச்சு பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும்.

மலைக்கு அந்தப் பக்கம் நடந்தது இதற்கு நல்ல பாடம். பழசி ராஜா கிளர்ச்சிக்குப் பிறகு மலபாரிலும் ஆயுதத்துக்குத் தடை வந்தது, களரிகள் ஒடுங்கின. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து கோட்டக்கல் கணாரன் குருக்கள் சிதறிக் கிடந்ததைத் தேடிப் படித்துச் சேர்த்தார். அவரிடம் படித்த தலைச்சேரி சி.வி.நாராயணன் நாயர் ஊர் ஊராகப் போய் மேடையில் காட்டி, மறந்துபோன கலையை மக்கள் கண்முன் கொண்டுவந்தார். அவர் 1944-ல் இளவயதில் மறைந்தார். அவர் பெயரில் திருவனந்தபுரம் கிழக்கே கோட்டையில் 1956-ல் தொடங்கிய சி.வி.என். களரி இன்றும் நடக்கிறது. வடகரை மீனாட்சி அம்மா 2017-ல் பத்மஸ்ரீ பெற்றபோது, அவர் யாரிடம் படித்தார், எந்தக் களரியில் நின்றார் என்பதை ஊரே சொன்னது. பரசுராமர் கதை கேரளத்திலும் உண்டு. ஆனால் அங்கே ஒரு குருக்களை நம்பச் சொல்வது பரசுராமர் பெயரால் அல்ல, கணாரன் குருக்கள் போன்ற, ஆண்டும் ஊரும் உள்ள மனிதர்களின் பெயரால். செங்கோட்டை வழியாகப் போனால் அரை நாளில் எட்டக்கூடிய ஊரில் இதைச் செய்திருக்கிறார்கள். நம் சிலம்பத்துக்கு இப்படி ஒரு பெயர் வரிசையை வட்டாரம் வட்டாரமாக நாம் இன்னும் எழுதி வைக்கவில்லை என்பது உண்மையான வருத்தம்.

வயது குறைவு என்பது எந்தக் கலைக்கும் இழிவு இல்லை. ஜப்பானில் கானோ ஜிகோரோ 1882-ல் ஒரு சிறு கூட்டத்தோடு தொடங்கியது ஜூடோ. 1964-ல் அது ஒலிம்பிக் விளையாட்டு. ஃபுனாகோஷி ஒகினாவாத் தீவிலிருந்து டோக்கியோவுக்குக் கராத்தேயைக் கொண்டுபோய்க் காட்டியது 1922-ல். டேக்வாண்டோ என்ற பெயரே 1955-ல்தான் பிறந்தது. அதற்கு முன்னின்ற கொரிய ராணுவத் தளபதி சோய் ஹோங் ஹி ஜப்பானில் கராத்தே படித்தவர். இருந்தும் டேக்வாண்டோவுக்கு இரண்டாயிரம் ஆண்டு வரலாறு எழுதப்பட்டது, அதை நம் ஊர்த் தட்டிகளும் திருப்பி எழுதுகின்றன. 1955-ல் பிறந்த கலை 2000-ல் ஒலிம்பிக் பதக்கப் போட்டியானது என்று உள்ளபடி சொன்னாலே அதற்குப் பெருமைதான்.

ஆசானின் பெயர் தெரிந்துவிட்டது. அது மட்டும் போதுமா? போதாது. 2017 ஏப்ரலில் சீனாவின் செங்டூ நகரில் வெய் லேய் என்ற தாய்ச்சி ஆசிரியரும் சூ சியாவ்தோங் என்ற நவீனச் சண்டைப் பயிற்சியாளரும் மோதினார்கள். இருபது வினாடிக்குள் தாய்ச்சி ஆசிரியர் தரையில் கிடந்தார். 2006-ல் ஜப்பானில் தொடாமலே எதிரியை வீழ்த்துவதாகச் சொல்லிவந்த யானகி ரியூகென் ஒரு சண்டை வீரரோடு மேடையேறி அடிபட்டு இறங்கினார். அவர் கை அசைத்ததும் விழுந்தவர்கள் எல்லாரும் அவருடைய சொந்த மாணவர்கள். முரண்டு பிடிக்கும் ஆள் ஒருவரை அவர் அதுவரை சந்தித்ததே இல்லை. தாய்ச்சி வயதானவர்களுக்கு நடையில் நிதானம் தரும் நல்ல பயிற்சி, அதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை. ஆனால் எதிர்ப்பே இல்லாமல் பல ஆண்டு பயின்றது, எதிர்ப்பு வந்த நாளில் கைகொடுக்காது.

பிரேசிலில் இதற்கு நேர்மாறாக ஒன்று நடந்தது. அங்கே ஜியு ஜிட்சு என்றால் கிரேசி குடும்பம். அவர்களுக்குக் கற்றுத்தந்தவர் ஜப்பானியர் மாயேதா. அதே மாயேதாவிடம் படித்த லூயிஸ் ஃபிரான்சாவின் மாணவர் ஒஸ்வால்டோ ஃபாடா ரியோவின் புறநகரில் ஏழைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவந்தார். விளம்பரமும் கிடையாது, பெரிய மனிதர் பழக்கமும் கிடையாது. 1950-களில் அவர் பகிரங்கமாக அழைப்பு விடுத்து, தன் மாணவர்களைக் கிரேசி மாணவர்களோடு மோதவிட்டார். ஃபாடாவின் பிள்ளைகள் ஜெயித்தார்கள். பெரிய பெயர் எடுத்த பரம்பரையும் பெயர் தெரியாத பரம்பரையும் ஒரே பாயில் நின்ற நாள் அது. நம் கிராமத்துக் களத்துமேட்டில் பத்துப் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் சொல்லிக்கொடுக்கும் வாத்தியாரை, ஏசி போட்ட கூடத்தைவிடக் குறைத்து மதிப்பிட வேண்டாம் என்பதற்கு ஃபாடாவே சாட்சி.

சிலம்பத்துக்குள்ளேயே இந்தச் சோதனை இருந்தது. கம்பு நுனியில் சாம்பலோ சாயமோ தொட்டுக்கொண்டு இருவர் ஆடுவார்கள். ஆட்டம் முடிந்ததும் யார் உடம்பில் எத்தனை பொட்டு என்று எண்ணுவார்கள். நெற்றிப் பொட்டு விழுந்துவிட்டால் பேச்சுக்கே இடமில்லை. துளுக்காணமா, கள்ளன்பத்தா, நாகம் பதினாறா என்ற முறைச் சண்டையெல்லாம் அந்தப் பொட்டுக்கு முன்னால் அடங்கிவிடும். இன்றைக்குப் பல கூடங்களில் அலங்காரச் சிலம்பம் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. சுற்றுவது கண்ணுக்கு அழகு, உடம்புக்கும் நல்லது. ஆனால் காலடியும் சுவடும் மாதக்கணக்கில் பழகி, பிறகு இருவராக நின்று வெட்டும் தட்டும் தொடுமுறையும் ஆடாத பிள்ளை இன்னும் சிலம்பம் படிக்கவில்லை. வகுப்பைப் பார்க்கப் போகும் பெற்றோர் முதலில் கையைப் பார்க்க வேண்டாம், காலைப் பார்க்க வேண்டும். கால் வராத பிள்ளைக்கு வாத்தியார் கம்பைச் சுழற்றக் கொடுத்துவிட்டார் என்றால், ஆண்டுவிழா மேடைக்கு ஆள் சேர்க்கிறார் என்று அர்த்தம்.

ராஜபாளையத்துக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க வெளியூர் உதாரணம் தேவையில்லை. 2005-ல் தபால்தலையில் ஏறிய ராஜபாளையம் நாய்க்கு, பால் வெள்ளை நிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் இருந்தால்தான் சுத்த வித்து என்று ஆனது. நிறத்தையே பார்த்து இனம் சேர்த்ததில் காது கேளாத குட்டிகள் பிறப்பது அந்த இனத்தின் தீராத தொல்லையாகிவிட்டது. வேட்டைக்கும் காவலுக்கும் வளர்த்த பழைய ஆட்கள் ஓடவிட்டுப் பார்த்தார்கள், கூப்பிட்டுப் பார்த்தார்கள். பரம்பரையை ஓடவிட்டுப் பார்க்காமல் நிறத்தை மட்டும் பார்த்தால் என்ன ஆகும் என்பதை இந்த ஊர் தன் வீட்டு முற்றத்திலேயே கண்டிருக்கிறது.

பெல்ட் அப்படிப்பட்ட ஒரு நிறம். வண்ணப் பட்டைகள் 1930-களில் ஐரோப்பாவில் ஜூடோ வழியாகப் பரவிய ஏற்பாடு, தொடக்கக்காரரை உற்சாகப்படுத்துவதற்காக. மூன்று மாதத்துக்கு ஒரு தேர்வு, தேர்வுக்கு ஒரு கட்டணம் என்று அது வளர்ந்து, எட்டு வயதுப் பிள்ளைக்குக் கறுப்புப் பட்டை கட்டுவதில் வந்து நிற்கிறது. அதைவிடக் கவலைக்குரியது சாதனை மோகம். பானை மேல் நின்று சிலம்பம், ஆணிப் பலகை மேல் சிலம்பம், கண்ணைக் கட்டிக்கொண்டு மணிக்கணக்கில் சிலம்பம். தனியார் சாதனைப் புத்தகம் ஒன்று சான்றிதழும் பதக்கமும் தருகிறது, மறுநாள் செய்தித்தாளில் படமும் வருகிறது. வளரும் பிள்ளையின் தோளும் மணிக்கட்டும் மூன்று மணி நேரம் ஓயாமல் சுழன்றதால் அந்தப் பிள்ளை கலையில் ஒரு அடி முன்னேறவில்லை. செய்தித்தாள்கள் இத்தகைய படங்களைப் போடுவதை நிறுத்தினாலே பாதி மோகம் தணிந்துவிடும்.

சான்றிதழ் விஷயம் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியது. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டில் தமிழக அரசு சிலம்பத்தைச் சேர்த்திருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. நல்ல காரியங்கள் இவை. ஆனால் கதவு திறந்ததும் ‘உலக’, ‘சர்வதேச’, ‘அகில இந்திய’ என்று தொடங்கும் சங்கங்களும் பெருகிவிட்டன. எல்லாச் சான்றிதழும் ஒதுக்கீட்டுக்குச் செல்லாது. கராத்தேயில் இந்தியச் சங்கத்தின் அங்கீகாரத்தை உலகக் கூட்டமைப்பு 2020-ல் நிறுத்திவைத்தபோது, நாடு முழுக்கப் பிள்ளைகள் கையில் வைத்திருந்த தாள்களுக்கு என்ன மதிப்பு என்ற குழப்பம் வந்தது. வேலையை மனதில் வைத்துப் பிள்ளையைச் சேர்ப்பவர்கள், அந்தச் சங்கத்தின் போட்டிச் சான்று ஒதுக்கீட்டுக்குச் செல்லுமா என்று விருதுநகரில் உள்ள மாவட்ட விளையாட்டு மற்றும் இளைஞர் நலன் அலுவலரிடம் கேட்டுவிட்டுச் சேர்ப்பதே முறை. மாஸ்டர் சொல்வதும் நோட்டீஸில் அச்சடித்திருப்பதும் இதற்கு ஆதாரம் ஆகாது.

வர்மத்துக்குத் தனியாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். குமரி மாவட்டத்து ஆசான்களிடம் அது அடிமுறையும் வைத்தியமும் சேர்ந்த ஒரே படிப்பு. படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று 108 கணக்கு. அடித்தால் என்ன ஆகும் என்பதோடு, அடிபட்டவனை எப்படி மீட்பது என்பதும் தெரிந்தவனே ஆசான். பல வருடம் கூடவே இருந்து பார்த்த பிறகுதான் ஆசான் மாணவனுக்கு இதை வெளிப்படுத்துவார். இரண்டு நாள் முகாமில் வர்மம் கற்றுத்தருவதாக வரும் நோட்டீஸை நம்பிக் கழுத்தைக் கொடுக்கக் கூடாது. கழுத்தும் விலாவும் சோதனைக்கான இடங்கள் அல்ல. வைத்தியத்துக்கு என்றால் முறையாகப் பதிவுபெற்ற சித்த மருத்துவர்கள் இருக்கிறார்கள். பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரியே நடக்கிறது.

இனி, பேசத் தயங்கும் ஒன்று. தென்மாவட்டங்களில் கலையின் பரம்பரை பல இடங்களில் சாதியின் பரம்பரையாகப் பேசப்படுகிறது. ‘இது எங்க ஆளுக கலை’ என்று ஒவ்வொரு சமூகமும் சொல்கிறது. கம்பு ஒரு சாதிக்கு மட்டும் சொந்தமாக எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. குமரியின் நாடார் ஆசான்கள், முக்குலத்து வாத்தியார்கள், பட்டியல் சமூகத்து வாத்தியார்கள், இஸ்லாமிய உஸ்தாத்கள் என்று எல்லார் கையிலும் இருந்துதான் அது இன்றைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. சாதிக் கலவரங்களின் வலியை அறிந்த இந்த வட்டாரத்தில், ஒரு கூடத்தின் தகுதிக்கு முதல் அடையாளம், எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் நின்று ஒரே ஆசானுக்கு வணக்கம் வைப்பதுதான். அது இல்லாத இடத்தில் எத்தனை தலைமுறை இருந்தாலும் பிள்ளையைச் சேர்க்கக் கூடாது.

அதே அளவு முக்கியமானது பிள்ளைகளின் பாதுகாப்பு. சென்னையில் தற்காப்புக் கலைப் பயிற்சியாளர் ஒருவர் மாணவியரிடம் அத்துமீறிய புகாரில் 2021-ல் கைதானது பலருக்கு நினைவிருக்கும். குருபக்தி என்ற பெயரில் கேள்வி கேட்காமல் இருக்கப் பழக்கும் கூடம் ஆபத்தான கூடம். தெருவிலிருந்து பார்த்தால் தெரியும் இடத்தில் வகுப்பு நடக்கிறதா, பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் வந்து உட்காரலாமா, பெண் பிள்ளைகளுக்குப் பெண் பயிற்சியாளர் இருக்கிறாரா, தனி வகுப்பு என்று தனியாகக் கூப்பிடுகிறார்களா என்பதையெல்லாம் கட்டணம் கட்டும் முன்பே பார்த்துவிட வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பிள்ளைக்கும் சொல்லிவைக்க வேண்டும்.

பெண் பிள்ளைகளின் தற்காப்புக்காகவே சேர்க்கிறோம் என்பவர்களிடம் உண்மையைச் சொல்வது கடமை. பள்ளிகளில் மூன்று மாதப் பயிற்சி தரும் அரசுத் திட்டம் நல்லதுதான், கூச்சத்தைப் போக்கும், கத்தக் கற்றுக்கொடுக்கும். மூன்று மாதத்தில் ஒரு முரட்டு ஆளை வீழ்த்த முடியும் என்று எந்த நேர்மையான மாஸ்டரும் சொல்ல மாட்டார். முதலில் ஓடு, சத்தம் போடு, ஆள் கூடும் இடத்துக்குப் போ, 181-க்குப் பேசு என்று சொல்பவரையே நம்பலாம். எதிராளி முரண்டு பிடிக்கையில் என்ன செய்வது என்று பழக, ஜூடோ, மல்யுத்தம், குத்துச்சண்டை மூன்றும் சிறந்தவை. பதக்கமும் உடல்நலமும் வேண்டும் என்றால் டேக்வாண்டோ, கராத்தே, சிலம்பம் எதுவும் சரி. செலவு தாங்காத வீட்டுக்கு நெற்றி உயரத்துக்கு ஒரு கம்பு மட்டும் கேட்கும் சிலம்பத்தைவிட உகந்தது வேறில்லை. எதில் சேர்த்தாலும் சில நாள் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு, பழைய மாணவர் இரண்டு பேரிடம் பேசிவிட்டுச் சேர்க்க வேண்டும்.

மாணவர்களிடமும் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. இந்த வட்டாரத்தில் எழுபது, எண்பது வயதில் இருக்கும் சிலம்ப வாத்தியார்கள் போய்விட்டால், அவர்களுடைய ஆசான்களின் பெயர்களும் கூடவே போய்விடும். வருகிற விஜயதசமிக்குத் தட்சிணை வைத்துக் கும்பிடும்போது, அவர் யாரிடம் படித்தார், எந்த ஊரில், எந்த வருடத்தில், என்னென்ன வரிசைகள் என்று உட்கார்ந்து கேளுங்கள். செல்போனில் பதிவு செய்யுங்கள், நோட்டில் எழுதி வையுங்கள், ஒரு பிரதியை ஊர் நூலகத்தில் கொடுங்கள். தெரியாது என்று அவர் சொல்லும் இடத்தில் தெரியாது என்றே எழுதுங்கள்.